என் பற்களில் இருந்தது அழுக்கு அல்ல

வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் தங்கும் விடுதி ஒன்றில், பதினோரு ஆண்டுகளாக வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். எங்களிடம் தங்குபவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து சிகிச்சைக்காகக் காட்பாடியில் இறங்கி வருபவர்கள். அவர்களிடம் அரைகுறை இந்தியிலும் அதைவிடக் குறைந்த வங்காளியிலும் பேசித்தான் அறை கொடுக்க வேண்டும் என்பதால், மொழி தட்டும் இடத்தில் சிரிப்பைக் கொண்டு சமாளிப்பது இந்தத் தொழிலின் பாதி. ஆனால் சிரிப்பதற்கு முன் மேலுதட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். என் முன்பற்களில் பழுப்பு நிறத் திட்டுகளும், அவற்றுக்கு இடையே சுண்ணாம்பு தெளித்தது போன்ற வெண்புள்ளிகளும் இருந்தன.

2020இலும் 2021இலும் முகக்கவசம் அணிந்திருந்த காலத்தை ஊரே சபித்தபோது, நான் மட்டும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன் என்று சொல்வதற்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. 2022இல் முகக்கவசத்தைக் கழற்றிய சில வாரங்களில், ஆசன்சோலிலிருந்து வந்திருந்த ஒருவர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டே என் வாயைப் பார்த்து, குட்கா இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டார். தமிழ்நாட்டில் 2013இலிருந்து குட்கா விற்பனைக்குத் தடை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அவர் கிண்டல் செய்யவில்லை, என்னைத் தன்னைப் போன்ற ஒருவனாக நினைத்து உரிமையோடுதான் கேட்டார். வெற்றிலையைக்கூட மென்றறியாத எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் பற்களை வெண்மையாக்கியே தீர வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் பிடித்தது. அதன்பின் ஒன்றரை ஆண்டுகளில் நான் செய்த தவறுகளில் ஒன்றையாவது முன்கூட்டியே யாராவது தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் நம்பிக்கை வீட்டிலிருந்து வந்தது. எங்கள் பாட்டி எண்பது வயதுவரை ஒரு பல்கூட விழாமல், வெள்ளைவெளேரென்று சிரித்துக்கொண்டிருந்தவர். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதைச் சொல்லாமல் அவர் எங்களைப் பல் துலக்க அனுப்பியதில்லை. வேப்பங்குச்சியை விட்டுவிட்டு நாங்கள் பற்பசைக்கு மாறியதால்தான் பல் கெட்டது என்பது அவருடைய தீர்ப்பு, குடும்பத்திலும் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை. எனவே இயற்கைக்குத் திரும்புவது என்று முடிவு செய்து, காலையில் அடுப்புக்கரிப் பொடியும் உப்பும், இரவில் எலுமிச்சைச் சாற்றில் குழைத்த ஆப்பசோடாவும் என்று கைப்பேசியில் பார்த்த காணொளிகளின்படி ஆரம்பித்தேன். ஏப்ரலில் தொடங்கி ஜூலைவரை, ஏறக்குறைய நூறு நாட்கள். செலவு என்று பார்த்தால் 450 ரூபாய்கூடத் தாண்டாது. முதல் வாரத்தில் பல் பளபளப்பதுபோல் இருந்தது, நாக்கால் தடவினால் வழவழப்பாகவும் இருந்தது.

அந்த வழவழப்பு எதனால் வந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் என்றாலும், அமிலத்துக்கு அது இளகிவிடும். வாயின் கார அமில அளவு (pH, இது குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினாலே எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கிவிடும், எலுமிச்சைச் சாற்றின் அளவோ இரண்டை ஒட்டியது. இரவில் சாற்றைப் பூசி எனாமலை இளக்கிவிட்டு, காலையில் கரிப்பொடியை வைத்துத் தேய்த்தால் அங்கே சுத்தம் செய்யப்படுவது அழுக்கு அல்ல, பல்லே தேய்கிறது. இழந்த எனாமலை உடல் மறுபடியும் உருவாக்குவதில்லை. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது, அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு இயல்பாகவே மஞ்சள் சாயல் கொண்டது. ஆகவே மேலே இருப்பது மெலிய மெலிய, கீழே இருக்கும் மஞ்சள்தான் கூடுதலாகத் தெரியும். வெள்ளையாக்குவதற்காகத் தேய்த்தவர்களுக்குக் கடைசியில் மஞ்சள் கூடிப்போவதும், வயதானவர்களின் பற்கள் எவ்வளவு துலக்கினாலும் மஞ்சளாவதும் இதனால்தான். இயற்கையான பொருள் கெடுதல் செய்யாது என்று நம்பினேன். எலுமிச்சையும் இயற்கைதான், அது அமிலமாக இருப்பதும் இயற்கைதான் என்பதை யோசிக்கவில்லை. ஜூலை கடைசியில், மண்பானைத் தண்ணீரைக் குடித்தபோது முன்பற்களில் சுளீரென்று ஏறிய கூச்சம் நெற்றிவரை சென்றது. பழுப்புத் திட்டுகள் அப்படியே இருந்தன.

கரி சரிப்படவில்லை என்றதும் அறிவியலைப் பார்ப்போம் என்று, செப்டம்பரில் இணையத்தில் 1,850 ரூபாய்க்கு ஒரு பெட்டியை வாங்கினேன். ஊசிக்குழாயில் அடைத்த ஜெல் மூன்று, எல்லார் வாய்க்கும் ஒரே அளவில் செய்த ரப்பர் அச்சு ஒன்று, பொம்மை விளக்கு போன்ற நீல விளக்கு ஒன்று ஆகியவை அதில் இருந்தன. ஜெல்லில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்பது எங்கும் அச்சிடப்படவில்லை. வெண்மையாக்கும் ஜெல்களில் வேலை செய்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது அதைச் சிறிது சிறிதாக வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடு ஆகும். பத்து சதவீதக் கார்பமைடு பெராக்சைடிலிருந்து கிடைப்பது சுமார் மூன்றரை சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என்பதால், பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவதும் தவறாக முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஆறு சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளவற்றைப் பல் மருத்துவர் வழியாகவே பயன்படுத்த வேண்டும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய பெட்டியில் எண்ணே இல்லாதபோது எதை ஒப்பிடுவது? சதவீதம் எழுதாத பொருளை வாய்க்குள் வைக்கக்கூடாது என்ற ஒன்றை மட்டும் அன்று கடைப்பிடித்திருந்தாலும் என் ஈறு தப்பியிருக்கும்.

அச்சு என் பல்வரிசைக்குப் பொருந்தாததால் ஜெல் வழிந்து ஈறில் பட்டது. பதினைந்து நிமிடத்தில் எடுக்கச் சொல்லியிருந்ததை, அதிக நேரம் வைத்தால் அதிகம் வெளுக்கும் என்ற கணக்கில் நாற்பது நிமிடம் வைத்தேன். மறுநாள் ஈறின் ஓரம் வெளிறித் தோல் உரிந்தது, இரண்டு நாள் கஞ்சிதான் சாப்பிட முடிந்தது. இதைவிட வேடிக்கை, ஐந்தாறு முறை பயன்படுத்தியபின் பழுப்பு கொஞ்சமும் குறையாமல் சுண்ணாம்புப் புள்ளிகள் முன்பைவிடப் பளிச்சென்று தெரியத் தொடங்கின. பல்லில் முன்னிருந்த இரண்டு நிறங்கள் இப்போது மூன்றாகத் தெரிந்தன. வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சாமான் அறையில் வைத்துவிட்டேன்.

2023 பிப்ரவரியில் என் தங்கைக்குத் திருமணம். மேடையில் அண்ணன் என்று நிற்க வேண்டும், புகைப்படம் எடுப்பவர் "சார், சிரிங்க" என்று நூறு முறை சொல்வார். திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, நகரில் புதிதாகத் திறந்திருந்த குளிரூட்டப்பட்ட முடிதிருத்தும் நிலையத்தில் 6,500 ரூபாய்க்குப் பல் வெண்மையாக்கிக் கொடுப்பதாகப் பலகை வைத்திருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். அங்கே பல் மருத்துவர் எவரும் இல்லை. வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்வியை மாட்டி, ஜெல்லைப் பூசி, பெரிய நீல விளக்கை நாற்பது நிமிடம் காட்டினார்கள். முன்னும் பின்னும் நிற அட்டையை வைத்துப் படம் எடுத்தார்கள். பின்னால் எடுத்த படத்தில் பற்கள் உண்மையிலேயே வெளுத்திருந்தன, நானும் மகிழ்ச்சியோடு பணத்தைக் கட்டினேன்.

அந்த வெளுப்பில் பெரும்பகுதி ஏமாற்றுத் தோற்றம். வாயை நாற்பது நிமிடம் திறந்து வைத்து எச்சில் படாமல் உலரவிட்டால் எந்தப் பல்லும் தற்காலிகமாக வெள்ளையாகத் தெரியும், ஓரிரு நாளில் ஈரம் ஏறியதும் பழைய நிறத்தை நோக்கித் திரும்பிவிடும். வேலை செய்வது ஜெல்லே தவிர விளக்கு அல்ல, விளக்கைச் சேர்ப்பதால் நீடித்த கூடுதல் பயன் இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்று பின்னாளில் எனக்குச் சிகிச்சை செய்த பல் மருத்துவர் விளக்கினார். அன்று இரவு பதினொரு மணிக்கு வலி ஆரம்பித்தது. அதைச் சாதாரணப் பல்வலி என்று சொல்ல முடியாது, மூச்சை வாயால் இழுத்தாலே ஒவ்வொரு பல்லாக மின்னல் வெட்டியது. பெராக்சைடு எனாமலைக் கடந்து உள்ளே செல்லக்கூடியது, எலுமிச்சையால் ஏற்கெனவே மெலிந்திருந்த என் பற்களில் அது எளிதாக இறங்கியிருக்கிறது. கூச்சம் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் தணிந்துவிடும், எனக்கு மூன்று வாரம் ஆனது. தங்கையின் திருமணத்தில் நான் ஐஸ்கிரீமைத் தொடவில்லை, புகைப்படத் தொகுப்பில் ஒரு படத்தில்கூட வாய் திறந்து சிரிக்கவும் இல்லை. இந்தியாவில் பல் மருத்துவம் செய்வதற்குச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகமே, ஏனெனில் நான் அதை மருத்துவம் என்றே நினைக்கவில்லை, முகம் வெளுக்கச் செய்வதுபோல ஓர் அலங்காரம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து நான் போனது உண்மையான பல் மருத்துவமனைக்கு. அங்கேயும் ஏமாந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரே நிமிடம் பார்த்துவிட்டு, "இது வெளுக்காது, மேல் பற்கள் எட்டுக்கும் கேப் போட்டுவிடலாம்" என்றார்கள். ஒன்றுக்கு 8,000 ரூபாய் வீதம் 64,000 ரூபாய். பதினைந்து நாளில் சினிமா நடிகர் சிரிப்பு என்று ஒருவர் கணினியில் என் முகத்தை மாற்றிக் காட்டினார். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வெளியே வந்தபின்தான், விடுதியில் தங்கியிருந்த ஒரு முதியவருடைய மகள் பல் மருத்துவம் படிப்பவர் என்பது நினைவுக்கு வந்து அவரிடம் கேட்டேன். கேப் போடுவதற்கு நல்ல பல்லைச் சுற்றிலும் அரைத்துச் சிறிதாக்க வேண்டும், அரைத்த பல்லுக்கு வாழ்நாள் முழுவதும் உறை வேண்டும், உறைகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் மாற்ற வேண்டிவரும், சில பற்களுக்கு வேர்ச் சிகிச்சையும் தேவைப்படலாம் என்று அவர் சொன்னார். "அண்ணா, பல்லு ஆடுதா, உடைஞ்சிருக்கா? இல்லைன்னா எதுக்கு அரைக்கணும்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் போய் வேண்டாம் என்றேன், முன்பணம் திரும்பவில்லை. முன்பணம் கட்டும் முன் எழுத்தில் சிகிச்சைத் திட்டத்தைக் கேட்டு வாங்கி, வேறொரு மருத்துவரிடம் காட்டுவதற்கு ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த ஐயாயிரம் மிஞ்சியிருக்கும். அதுவரை நான் இழந்தது மொத்தம் 13,800 ரூபாய். எனக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

இவ்வளவுக்குப் பிறகும், என் பல் ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, பணம் வாங்கிய எவரும் கேட்கவில்லை. முதலில் கேட்டவர் மருத்துவரும் அல்லர். 2023 நவம்பரில், மனைவியின் சிகிச்சைக்காகத் தெலங்கானாவின் நல்கொண்டாவிலிருந்து வந்த ஒரு விவசாயி எங்கள் விடுதியில் ஒன்பது நாள் தங்கினார். ஆந்திர எல்லை பக்கத்தில் என்பதால் எங்களில் பலருக்கும் கொச்சைத் தெலுங்கு வரும், எனக்கும் வரும். இரண்டாம் நாள் காலை தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மேசையருகே நின்றவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கோபத்தோடு நான் நிமிர்ந்தபோது, அவர் தன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். என் பல்லைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது: அதே பழுப்புத் திட்டு, அதே சுண்ணாம்புப் புள்ளி. "உங்க ஊர்த் தண்ணியும் எங்க ஊர்த் தண்ணி மாதிரிதானா தம்பி?" என்று தெலுங்கில் கேட்டார். குடிநீரில் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற பொருளால் பல் இப்படி ஆகும் என்பது அவர்கள் ஊரில் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், அது முப்பத்து மூன்று வயதுவரை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரைடை நீக்கும் ஒரு முறைக்கு அவர்களுடைய மாவட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

நான் பிறந்தது திருப்பத்தூரிலிருந்து ஊத்தங்கரை செல்லும் வழியில், கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில். 1990இல் நான் பிறந்தபோது அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பள்ளியில் படிக்கும்போது வேலூர் மாவட்டம், 2019க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறிய அளவுக்கு எங்கள் தெருக் குழாயின் தண்ணீர் மாறவில்லை. நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் போட்ட ஆழ்துளைக் கிணறுதான் தெரு முழுவதற்கும். விவசாயி சொன்னதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். இளம் பெண் மருத்துவர் ஒருவர் பல்லை உலர்த்தி, விளக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "சார், ஏழெட்டு வயசு வரைக்கும் எந்த ஊர்த் தண்ணி குடிச்சீங்க?" என்பதுதான். அடுத்து, வீட்டில் வேறு யாருக்கு இப்படி இருக்கிறது என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் அண்ணனுக்கும் எனக்கும் பழுப்புப் பல். என் தங்கைக்கு மட்டும் இல்லை. 1999இல் அவள் பிறந்த ஆண்டில் அப்பாவுக்கு வேலூரில் வேலை கிடைத்து, அம்மா அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டார். எங்கள் மூவருக்கும் வீட்டில் ஒரே பற்பசைதான், அவளுக்கும் எங்களைப் போலவே துலக்குவதில் சோம்பல்தான், ஆனாலும் அவளுக்கு முத்துப் போன்ற பல். பாட்டியின் பல்லும் வேப்பங்குச்சியால் மட்டும் வெண்மையாக இருக்கவில்லை. அவர் தன் சிறுவயதைக் கழித்த பிறந்த ஊரில், கமலை கட்டி இறைத்த திறந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர். கருங்கல் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது, பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிய ஆழத்து நீரில் அது பல இடங்களில் கூடுதலாக இருக்கும். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் அந்த நீரைத் தொடர்ந்து குடித்தால், எனாமல் சரியாக இறுகாமல் உள்ளே நுண்துளைகளோடு அமைந்துவிடும். பல் முளைத்தபின் அந்தத் துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம்வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் உச்சம் ஒன்றரை. 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன், பழுப்புப் பல் இல்லாத முகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஊரில் இருக்கும்வரை எனக்கு அது குறையாகவே பட்டதில்லை, வேலூருக்கு வந்து புதுப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் உதட்டை இழுக்கக் கற்றுக்கொண்டேன்.

எனவே பல் நிறத்தைப் பற்றி எவரேனும் என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்வது நிறம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். தேநீர், காபி, வெற்றிலை, புகையிலை ஆகியவற்றின் கறையும், கல்போல் இறுகிய காரையும் பல்லின் மேல் படிபவை, அவற்றுக்கு ஸ்கேலிங் என்னும் சுத்தம் செய்தலே போதும், பெராக்சைடு தேவையே இல்லை. வயதால் வரும் மஞ்சளுக்கு வெண்மையாக்கும் ஜெல் நன்றாகக் கேட்கும். அடிபட்டு ஒற்றைப் பல் மட்டும் சாம்பல் நிறமானால் அதன் உள் நரம்பு செத்திருக்கலாம், அதற்கு வேர்ச் சிகிச்சை செய்து உள்ளிருந்து வெளுக்க வேண்டும். சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால் வந்த சாம்பல் பட்டைகள் மாதக்கணக்கில் ஜெல் வைத்தாலும் மெதுவாகத்தான் மங்கும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் "கறை பிடித்த பல்"தான், மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு. சொத்தையை அடைக்காமல் பெராக்சைடு வைத்தால், அது ஓட்டை வழியாக உள்ளே இறங்கி எப்படி வலிக்கும் என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

அரசு மருத்துவமனையின் அந்த மருத்துவர், காட்பாடியில் இத்தகைய சிகிச்சை செய்யும் ஒருவரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்த அந்தச் சிகிச்சை எனக்கு எதிர்பார்த்ததைவிட எளிமையாக இருந்தது. முதல் மாதம் வெண்மையாக்கும் பேச்சே இல்லை. காட்பாடி மருத்துவர் 900 ரூபாய்க்கு ஸ்கேலிங் செய்தார். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று அம்மா எச்சரித்து அனுப்பியிருந்தார். செய்தபின் கீழ்ப்பற்களில் இடைவெளி தெரிந்தபோது எனக்கும் திக்கென்றது. காரை அடைத்திருந்த இடம் திறந்திருக்கிறது, காரையால் ஈறு ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, கருவி எதையும் தோண்டவில்லை என்று அவர் கண்ணாடியில் காட்டி விளக்கினார். அதன்பின் 600 ரூபாய்க்கு ஃப்ளோரைடு பூச்சும், தினமும் கூச்சத்துக்கான பற்பசையும். ஃப்ளோரைடு என்ற சொல்லைக் கேட்டதும் நான் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், வீட்டில் பற்பசையைக்கூட அதற்காகத் தூக்கிப் போட்டிருந்தேன். பல் உருவாகி முடிந்தபின் ஃப்ளோரைடால் அந்தத் திட்டுகள் வராது, பெரியவர்களுக்கு அது எனாமலை இறுக்கிச் சொத்தையைத் தடுக்கும், சிறு குழந்தைகள்தான் பற்பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி என்னைத் திரும்ப உட்கார வைத்தார்.

கூச்சம் முழுவதும் அடங்கியபின், ஈறுக்கு ரப்பர் திரையிட்டு மறைத்து, அமிலமும் நுண்பொடியும் கலந்த பசையால் முன்பற்களின் மேற்பரப்பை இரண்டு அமர்வுகளில் மெல்லத் தேய்த்தார், அதற்கு 3,000 ரூபாய். நான் வீட்டில் எலுமிச்சையும் கரியும் வைத்துச் செய்ததும் இதுதானே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க நூறு நாள் செஞ்சீங்க, நான் மொத்தமா சில நிமிஷம் செய்றேன், எவ்வளவு போகுதுன்னு பார்த்துப் பார்த்துச் செய்றேன்" என்றார். நீங்கும் எனாமல் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான், அதுவும் திட்டு இருந்த இடத்தில் மட்டும். நிறம் ஆழமாக இறங்கியிருந்தால் இந்த முறை பயன்படாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அமிலமும் தேய்ப்பும் தெரிந்தவர் கையில் சிகிச்சை, என் கையில் அது சேதமாகிவிட்டது.

கடைசியாக, என் பல்வரிசைக்கே அச்செடுத்துச் செய்த மெல்லிய ட்ரேயும் பத்து சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லும், 5,000 ரூபாய். 1989இலிருந்து பல் மருத்துவர்கள் பயன்படுத்திவரும் முறை இது, இதில் விளக்கும் இல்லை, ஒரே நாளில் அதிசயமும் இல்லை. ஒவ்வொரு பல்லின் இடத்திலும் அரிசி மணி அளவு ஜெல் வைத்து இரவில் அணிய வேண்டும், வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும், கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு மறுநாள் வைக்க வேண்டும். நாற்பது நிமிடப் பேராசையின் பலனை ஏற்கெனவே அனுபவித்திருந்ததால், இம்முறை சொன்னதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்கவில்லை. முதல் வாரம் வெண்புள்ளிகள் மறுபடியும் பளிச்சிட்டன, முந்தைய பயம் திரும்பியது. அது எதிர்பார்த்ததே, சுற்றியுள்ள பகுதி வெளுக்க வெளுக்கப் புள்ளி கலந்துவிடும் என்றார், மூன்றாம் வாரத்தில் அப்படியே ஆனது. ஒரு முன்பல்லின் ஓரத்தில் பழைய அடைப்பு ஒன்று இருந்தது. பெராக்சைடு பல்லை வெளுக்குமே தவிர அடைப்பையோ கேப்பையோ வெளுக்காது என்பதால் அது மட்டும் அழுக்கு மஞ்சளாக நின்றுவிட்டது. வெளுத்த உடனே புது அடைப்பு சரியாக ஒட்டாது என்று இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்லி, பிறகு 1,200 ரூபாய்க்கு மாற்றினார். எல்லாம் சேர்த்து 10,700 ரூபாய், நான் வீணாக்கியதைவிடக் குறைவு.

பல் பால்வெள்ளை ஆகவில்லை. நான் ஆசைப்பட்டிருந்த நிறம் எந்த மனிதப் பல்லுக்கும் இயல்பில் இல்லாதது என்பதை நிற அட்டையை வைத்து அவர் காட்டியபோதுதான் ஏற்றுக்கொண்டேன். பழுப்பு போய் வெளிர்மஞ்சள் ஆகியிருக்கிறது, கூர்ந்து பார்த்தால் புள்ளிகள் இன்னும் தெரியும். இதுவும் நிரந்தரம் அன்று. தேநீரைக் குறைக்காவிட்டால் ஓரிரு ஆண்டில் மங்கும், அப்போது ட்ரேயைச் சில இரவுகள் மறுபடி அணிய வேண்டும். விடுதி வேலையில் தேநீரைக் குறைப்பது நடக்காத காரியம், அதனால் ட்ரேயைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஊரில் அண்ணன் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். சிகிச்சை முடிந்த மாதத்தில் அவர் வீட்டுத் தண்ணீரை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தேன். ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.3 மில்லிகிராம் என்று வந்தது. அண்ணி குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்துவந்தார், அதனால் பயமில்லை என்று நினைத்திருந்தார். கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, நீர் வற்றுவதால் இன்னும் கொஞ்சம் செறிவாகும் என்று சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. இப்போது பக்கத்து ஊரில் உள்ள ஆர்.ஓ. நிலையத்திலிருந்து குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வருகிறது, அண்ணன் தினமும் வண்டியில் கட்டிக்கொண்டு போகிறார். "நமக்குத்தான் போச்சு, பாப்பாவுக்காவது பார்ப்போம்" என்றார், தன் பல்லுக்கு வைத்தியம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு மூன்று வயது. பாலில் நனைந்த பிஸ்கட்டோடு அவள் காட்டிச் சிரிப்பதெல்லாம் பால்பற்கள். நிலையான முன்பற்கள் இன்னும் ஈறுக்குள்தான் உருவாகிக்கொண்டிருக்கின்றன.